தண்ணீர்த் திறப்பு விழாவும் நான் நடச்சொன்ன வாழைமரமும்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஹேவாஹெட்ட ரோட்டில், தேயிலை மலைக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னப் பாடசாலையில் நடந்த கதை இது. நான் அங்கே டீச்சர். வீடு கண்டி டவுனில். காலை ஆறே காலுக்கு பஸ் ஏறினால், தலாத்துஓயா தாண்டி வளைந்து வளைந்து மேலே போய், குடித்த தேத்தண்ணி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிற நேரத்தில் இறங்க வேண்டும். அப்புறம் பத்து நிமிஷ ஏற்றம். அதனால் பாடசாலைக்குள் நுழையும்போதே எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பிள்ளைகளைக் கேட்டால் அது இறங்குவதே இல்லை என்பார்கள்.

நான் படித்தது வரலாறு. ஆனால் நேரசூசி போடும்போது எனக்குப் பாடவேளை குறைகிறது என்று, சேர்ந்த வருஷமே ஒன்பதாம் வகுப்பின் செயன்முறைத் தொழில்நுட்பப் பாடத்தையும் அதிபர் என் தலையில் கட்டிவிட்டார். தச்சு, மின்சாரம், குழாய் வேலை, தையல், சமையல் என்று கையால் செய்து பழக வேண்டிய பாடம். எனக்கோ வீட்டில் பல்ப் பியூஸ் போனால்கூட என் வீட்டுக்காரர்தான் மாற்ற வேண்டும்.

ஆனாலும் நான் சமாளித்தேன். எப்படி? நோட்ஸ்! நோட்ஸ் கொடுப்பதில் என்னை யாரும் அசைக்க முடியாது. குழாய்களை இணைக்கும் முறை என்று தலைப்புப் போட்டு, கலர் சோக்கால் கரும்பலகை முழுக்கப் படம் வரைந்து, பகுதிகளுக்குப் பெயர் எழுதி, ஒன்று முதல் எட்டு வரை படிமுறை போட்டுக் கொடுப்பேன். பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். பரீட்சையில் மார்க்ஸும் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, நான் எட்டு வருஷமாக அந்தச் சுரைக்காயில்தான் கறி வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாடத்தில் கடைசித் தவணையில் ஒரு வேலையைப் பிள்ளைகளே தெரிவு செய்து, கையால் செய்து காட்ட வேண்டும். பெயர் விருப்பத் தெரிவு. தெரிவு செய்வது நான். ஒவ்வொரு வருஷமும் புரூட் சலட்தான். ஒரு பாடவேளையில் முடிந்துவிடும், ஆயுதம் ஒரு கத்தி, போட்டோ எடுத்தால் அழகாக இருக்கும், கடைசியில் எல்லாரும் சாப்பிடலாம். இதைவிட நல்ல செயன்முறை உலகத்தில் உண்டா?

அந்த வருஷமும், "சரி, யார் யார் என்ன பழம் கொண்டு வாறீங்க?" என்று பேப்பரும் பேனையுமாக நின்றேன். வகுப்பு மொனிட்டர் எழும்பினாள். நல்ல படிப்புக்காரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். நான் ஒன்று சொன்னால் அவளுக்கு உள்ளே இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், இறங்கிவிட்டால் பிறகு யாராலும் கழற்ற முடியாது.

"டீச்சர், புரூட் சலட் வேணாங்க. டொய்லட்டுக்குத் தண்ணி கொண்டாந்துருவோமா?"

பையன்கள் மேசையைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இது இவள் ஒருத்தி கேட்ட கேள்வி இல்லை. பின்னால் இருந்து பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பாடசாலைக்குப் பின்னால் பெண்பிள்ளைகளுடைய டொய்லட் இருக்கிறது. மேலே மேட்டில் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பழைய இரும்புப் பைப் துருப்பிடித்து உக்கிப்போய் இரண்டு வருஷமாயிற்று. புது பீவீசீ பைப் பன்னிரண்டு வந்து இறங்கி, அதுவும் ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடந்தது. போட்டுக் கொடுக்க வேண்டிய பாஸ், அதாவது குழாய் மேஸ்திரி, அந்த மலைக்கு ஏறி வரவே இல்லை. இன்று வாறேன், நாளைக்கு வாறேன் என்று போனில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் ரோட்டுக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் வாளி பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு மாதத்தில் அந்த மூன்று நான்கு நாள் அது முடியாத காரியம். அதனால் வீட்டில் நின்றுவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்பார்கள். நானும் சரி என்று விடுவேன். எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் ஸ்டாஃப் டொய்லட்டில் பூட்டும் இருந்தது, சாவியும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. அதுதான் வெட்கம்.

ஆனால் அன்று வாயில் வந்தது வேறு. "அது பாஸ் செய்யிற வேலை. நீங்க செய்யிறதுக்கு இது என்ன கூட்டாஞ்சோறா?" என்று கத்தினேன்.

"நீங்கதானே டீச்சர் நோட்ஸ் தந்தீங்க. எட்டுப் படிமுறையும் இருக்கு," என்று கொப்பியைத் திறந்து காட்டினாள். என் படம். கலர் பென்சிலால் நிறம் தீட்டி, அடியில் ரூல் போட்டு. வேறு வழியில்லாமல் விஷயத்தை அதிபரிடம் கொண்டு போனேன்.

அதிபர் நல்ல மனுஷர். பிள்ளைகள் செய்யட்டுமே, எப்படியும் பைப் சும்மாதானே கிடக்கிறது என்று சொல்லிவிட்டார். இணைப்புகளும் பசையும் மட்டும் இல்லை. அதை நான் வாங்கி வருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கண்டியில் ஒரு ஹார்ட்வேர் கடை. முதலாளி மடவளை முஸ்லிம், எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன்; எப்போதும் சிரித்த முகம். நான் நேராகப் போய், "நானா, முழங்கை மூட்டு நாலு தாங்க," என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் என் கையை ஒரு தடவை பார்த்தார். "முழங்கை மூட்டா? அதுக்கு ஆஸ்பத்திரிக்கில்ல போகணும் டீச்சர்!" கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். கடைசியில் பேனையால் படம் வரைந்து காட்டினேன். "அட, எல்போ!" என்று எடுத்து மேசையில் வைத்தார். எட்டு வருஷமாக நான் கரும்பலகையில் வரைந்த சாமானை அன்றுதான் முதல்முறை கையில் தொட்டேன். சொக்கட், பசை, ஹெக்சோ பிளேட் எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, "ஒட்டின பொறகு ஒரு நாள் போகணும் டீச்சர். அதுக்கு மொதல்ல தண்ணி உட வாணாம்," என்றார். "அது எனக்குத் தெரியும் நானா, நான்தானே படிப்பிக்கிறேன்," என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை தொடங்கியது. முதலில் நான் செய்து காட்ட வேண்டுமே. துண்டுப் பைப் இரண்டு எடுத்து, பசை தடவி, சொக்கட்டில் செருகி, "இப்படித்தான்," என்று உயர்த்திக் காட்டினேன். மொனிட்டர் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அப்புறம் ஒரு பையன் குபுக்கென்று சிரிக்க, பத்தொன்பது பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "டீச்சர், நீங்க தூசியத் தொடைக்கல்ல. அரத்தாளும் போடல்ல. மூணாவது படிமுறை," என்றாள் அவள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, சும்மா சொல்லக்கூடாது. இரண்டு நாளைக்குப் பிறகுதான் வந்தது.

அப்புறம் நான் நோட்ஸை வாசிக்க, அவர்கள் செய்தார்கள். துண்டுகளை ஒட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, ஒரு கிழமை பழகினார்கள். பையன்கள் மம்பட்டியால் வாய்க்கால் வெட்டுவது, பெண்பிள்ளைகள் ஒட்டுவது என்று நான் பிரித்தேன். அடுத்த நாளே சண்டை. எங்களுக்கும் வெட்டத் தெரியும் என்று இவர்கள், எங்களுக்கும் ஒட்டத் தெரியும் என்று அவர்கள். சரி, என்னவாவது செய்யுங்கள் என்று விட்டேன். ஒவ்வொரு இணைப்பையும் யார் ஒட்டியது என்று மார்க்கரால் பைப்பில் முதல் எழுத்தைப் போடுவது என்று அவர்களாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். எங்கே ஒழுகினாலும் அந்த எழுத்துக்காரர் வந்து மறுபடி செய்ய வேண்டும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் எட்டுப் படிமுறையில் அது இல்லவே இல்லை.

நான்கு கிழமை போனது. மழை வந்து வாய்க்காலில் மண் சரிந்தது, மறுபடி வெட்டினார்கள். சப்பாத்தெல்லாம் சேறு. தாய்மார் கேட்டுக்கு வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி எல்போவும் ஒட்டியாயிற்று. வியாழக்கிழமை தண்ணீர் விடலாம் என்று மொனிட்டர் கணக்குச் சொன்னாள்.

அதிபருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு விழா என்றால் உயிர். ஒரு கதிரை புதிதாக வந்தாலும் ரிபன் வெட்ட வேண்டும். உடனே வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போன் போட்டு, அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிற மேடத்தை அழைத்துவிட்டார். கலண்டரைப் பார்த்து நல்ல நேரமும் குறித்தாயிற்று: வியாழக்கிழமை பத்து பதினெட்டு. திட்டம் இது. மேலே தொட்டியடியில் மொனிட்டர் நிற்பாள். கீழே மேடம் ரிபன் வெட்டி டெப் பக்கம் வந்ததும் நான் இடுப்பில் செருகியிருக்கிற கைலேஞ்சியை எடுத்து அசைப்பேன். அவள் வால்வைத் திறப்பாள். மேடம் டெப்பைத் திருக, தண்ணீர் கொட்டும், நாங்கள் கைதட்டுவோம்.

இப்போதுதான் என் கெட்ட நேரம் வருகிறது.

வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தேன். டொய்லட் வாசல் வெறிச்சென்று கிடந்தது. விழா என்றால் இரண்டு பக்கமும் வாழைமரம் வேண்டாமா? நான்தான் குழி தோண்ட அலவாங்கு கொண்டுவரச் சொன்னேன். நான்தான் இடம் காட்டினேன். "இந்தா, இங்க குத்துங்க. நல்லா ஆழமா, மரம் சாயக்கூடாது," என்று பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணினேன். இரண்டாவது குத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மண்ணுக்குள் பைப் போகிறது என்பதை, அதைப் போட்ட பாடத்தின் டீச்சரான நானே மறந்துபோனேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகிவிட்டது.

மொனிட்டர் ஓடி வந்தாள். மண்ணை விலக்கிப் பார்த்தாள். பைப்பில் விரல் போகிற அளவு ஓட்டை. அவள் முகம் சுருங்கியது. ஹெக்சோ எடுத்து, அடிபட்ட துண்டை வெட்டி எறிந்து, புதுத் துண்டு வைத்து, இரண்டு சொக்கட் போட்டு ஒட்டி, தன் எழுத்தைப் போட்டு முடிக்கும்போது மணி எட்டே முக்கால். பிறகு கையை உதறிக்கொண்டு எழும்பி, "இனி நாளைக்கு எட்டே முக்காலுக்குத்தான் டீச்சர்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கா? மேடம் கண்டியிலிருந்து வெளிக்கிட்டாயிற்று. வடை பொரித்தாயிற்று. "இது புதுப் பசை, நல்ல வெயில் வேற, ஒன்றரை மணித்தியாலத்தில காஞ்சிடும். பத்து நிமிஷம் தாக்குப் பிடிச்சாப் போதும். நான் கையக் காட்டினா நீ தெறக்கிற, அவ்வளவுதான். போ மேலே!" என்று விரட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் மேட்டில் ஏறிப் போனாள். பேசாமல் போகிறாளே, அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

மேடம் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் விளங்கும். வெற்றிலை கொடுத்தோம், பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், அதிபர் இரண்டு மொழியிலும் பேசினார். சரியாகப் பத்து பதினெட்டுக்கு ரிபன் வெட்டியாயிற்று. என் வாழைமரம் இரண்டு பக்கமும் ஜம்மென்று நிற்கிறது. மேடம் டெப்பில் கை வைத்தார். நான் கைலேஞ்சியை அசைத்தேன்.

மேடம் திருகினார். ஒன்றும் இல்லை.

சிரித்துக்கொண்டே மறுபடி அசைத்தேன். ஒன்றும் இல்லை. அதிபர் என்னைப் பார்த்தார். நான் கைலேஞ்சியை பஸ் மறிக்கிற மாதிரி தலைக்கு மேலே சுற்றினேன். ஒரு சொட்டு வந்தால்தானே!

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினேன். வந்த கோபத்துக்கு அன்று அவளை இரண்டு அறை அறைந்திருந்தாலும் அறைந்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். மேலே போனால், வால்வுக்கு முன்னால் அவள் குந்தியிருக்கிறாள். சுற்றி இன்னும் ஆறு பெண்பிள்ளைகள், கை கோத்த மாதிரி.

"திற!"

"மாட்டேங்க டீச்சர்."

"யாரைப் பார்த்து மாட்டேங்கிற? கீழ யார் நிக்கிறாங்கன்னு தெரியுமா? தள்ளு!" என்று அவளை விலக்கிவிட்டு நானே வால்வைப் பிடித்தேன்.

அவள் என் கையைத் தட்டவில்லை. பக்கத்தில் நின்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "டீச்சர், இப்பத் தெறந்தா கழண்டுடும். எல்லாரும் பார்க்கக் கழண்டுடும். அப்பறம் எங்கள இன்னொருக்காச் செய்ய விடுவாங்களா? பிள்ளைங்க செஞ்சா இப்படித்தான்னு சொல்லிட்டு, திரும்பவும் பாஸ் வரட்டும்னு இருப்பாங்க. பாஸ் வரமாட்டாரு டீச்சர். நாங்க திரும்ப வாளிதான் தூக்கணும். நீங்க இன்னக்கித் தெறந்துட்டுப் போயிருவீங்க."

என் கை வால்வின் மேல். ஒரு திருகு திருகினால் போதும். கீழே அதிபர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தாலும் பிடித்திருக்கும், யார் கண்டது? என் மானம் தப்பியிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு சொல் நெஞ்சில் குத்தியது. 'நீங்க போயிருவீங்க.' ஆமாம், நான் இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன். அந்த வெளிறிய முகங்களைப் பார்த்தேன். எட்டாவது படிமுறையை எழுதிக் கொடுத்தது யார்? 'ஒட்டியபின் இருபத்து நான்கு மணித்தியாலம் நீர் செலுத்தலாகாது.' நான்தான். சிவப்புச் சோக்கால் கோடு வேறு போட்டேன்.

கையை எடுத்தேன்.

திரும்பினால் மேடமே சேலையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்துவிட்டார். பின்னால் அதிபர், வேர்த்து வழிய; அவருக்குப் பின்னால் மற்ற டீச்சர்மார். என்ன பிரச்சினை என்று மேடம் சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மொனிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் பீலியடியிலும் கடையிலும் பொறுக்கியது. "மெடம், தவம வேலிலா நே," என்றாள். இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னாள்.

மேடம் என்னைப் பார்த்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? காலையில் நான் வாழைமரம் நடச் சொன்னதையும், பைப் உடைந்ததையும், காயாது என்று தெரிந்தும் திறக்கச் சொன்னதையும், பிள்ளை மறுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "பிழை என்னுடையது, பிள்ளை செய்தது சரி," என்றேன். அதிபர் முன்னால், மற்ற டீச்சர்மார் முன்னால், பிள்ளைகள் முன்னால். என் காது சூடாகிவிட்டது. அதே நேரத்தில், பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"அப்படியென்றால் என்னை ஏன் இன்றைக்குக் கூப்பிட்டீர்கள்?" என்று மேடம் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். பிறகு மொனிட்டரிடம், எங்கே அந்த இடம், காட்டு என்றார். அவள் கூட்டிக்கொண்டு போனாள். அரைவாசி தமிழ், அரைவாசி சிங்களம், மீதி கையால் என்று அவள் விளக்க, அந்த மனுஷி என் வாழைமரத்தடியில் குந்தியிருந்து இருபது நிமிஷம் கேட்டார். இது யாருடைய எழுத்து, அது யாருடைய எழுத்து என்று ஒவ்வொன்றாய் விசாரித்தார். எழுத்துக்காரப் பிள்ளைகள் ஓடி ஓடி வந்து தலையைக் காட்டினார்கள். போகும்போது இரண்டு வடை சாப்பிட்டார்.

பாடசாலை விட்டதும் அதிபர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு பிள்ளைய அடக்க உங்களால முடியல்லையே டீச்சர்," என்றார். அவருக்கும் கஷ்டம்தான், எவ்வளவு ஆசையாக ஏற்பாடு செய்தார். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "முடியாமலில்ல சேர். நான்தான் அடக்கல்ல," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே பயம். நாளைக்கும் கழன்றால்? அப்போது மானம் போவது என்னோடு நிற்காது. பிள்ளைகளைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள்.

வெள்ளிக்கிழமை. நல்ல நேரமா கெட்ட நேரமா என்று யாரும் பார்க்கவில்லை. விருந்தாளி இல்லை, ரிபன் இல்லை. வாழைமரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். எட்டே முக்கால் ஆகும்வரை மொனிட்டர் அசையவில்லை. புது இணைப்புக்கு அடியில் பத்திரிகைத் தாளை விரித்து வைத்திருந்தார்கள், ஒரு துளி கசிந்தாலும் தெரியட்டும் என்று. நான் டெப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே நின்றேன். இந்த முறை கைலேஞ்சி அசைக்கவில்லை. எப்போது திறப்பது என்பது அவள் பாடு.

மேலே வால்வ் கிறீச்சிட்டது. முதலில் டெப்புக்குள் காற்று ஊதியது. பிறகு இருமியது. ஒரு கட்டிச் சேற்றுத் தண்ணீர் துப்பி என் சேலையெல்லாம் நாசமாக்கியது. மறுபடி காற்று. அப்புறம் தண்ணீர், செம்மண் நிறத்தில், பிறகு கலங்கலாய், பிறகு தெளிவாய், கொட்டு கொட்டென்று கொட்டியது!

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அந்தப் பத்திரிகைத் தாளைச் சுற்றி மண்ணில் முட்டுக்கால் போட்டுக் குனிந்திருந்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மொனிட்டர் மேலேயிருந்து ஓடி வந்து விரலால் தடவிப் பார்த்து, "காஞ்சிருக்கு," என்றாள். அப்போது போட்டார்களே ஒரு கூச்சல், தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். எத்தனையோ பிள்ளைகள் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து வந்து காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத பெருமை அன்று எனக்கு வந்தது.

அதிபரும் வந்தார். குனிந்து தாளைத் தொட்டுப் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பிப் போனார். இன்னும் கோபம்தான் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், ஒபிசிலிருந்து உறை பிரிக்காத புதுச் சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, தானே உறையைப் பிரித்து, டெப் பக்கத்தில் வைத்துவிட்டு, மொனிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த நேரம் பார்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "தள்ளுங்க, தள்ளுங்க, அவசரம்!" என்று எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்தியது. உண்மையான திறப்பு விழா அதுதான்.

அந்தப் பைப் இன்று வரை ஒழுகவில்லை. மொனிட்டர் இப்போது உயர்தரம் படிக்கிறாள். அதுவும் வர்த்தகப் பிரிவில். குழாய் வேலைக்கும் அவளுக்கும் இனிச் சம்பந்தம் இல்லை. எனக்குத்தான் சம்பந்தம் கூடிவிட்டது. புரூட் சலட்டை நிறுத்திவிட்டேன், விருப்பத் தெரிவை உண்மையிலேயே பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன், வீட்டில் பல்ப் மாற்றுவதும் நான்தான். கோபம் மட்டும் குறையவில்லை. ஆனால் ஒரு பிள்ளை எழும்பி நின்று "இல்லீங்க டீச்சர்" என்று சொன்னால், கத்துவதற்கு முதல் ஏன் என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

இத்தனை வருஷம் செயன்முறைப் பாடம் படிப்பித்திருக்கிறேன், ஆனாலும் என் கையால் நான் உருப்படியாகச் செய்த ஒரே செயன்முறை, அன்று அந்த வால்விலிருந்து கையை எடுத்ததுதான் என்று இன்றைக்கும் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.